அம்மா வித்த பூ, அம்மா வைக்காத பூ

வணக்கம் மேடம்,

பேர் போட வேண்டாம். சொந்த ஊர் வத்தலக்குண்டு பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க, இப்ப சென்னையில ஒரு கம்பெனில வேலை, வயசு 38, கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு, ரெண்டாங்கிளாஸ் படிக்கறா. இதுக்கெல்லாம் போயி கவுன்சிலிங் கேப்பாங்களானு யாராவது சிரிப்பாங்களோனு தள்ளித் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். ஆனா தை மாசம் அம்மாவுக்கு மொத வருஷ திதி வருது, அதுக்குள்ள எனக்கு ஒரு தெளிவு வேணும்.

பிரச்சனை மல்லிகைப்பூ. சத்தியமா அதுதான்.

எங்கம்மா பூ வித்தவங்க. விடியக்காலைல எந்திரிச்சு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயி உதிரியா வாங்கிட்டு வந்து, ஈரச் சாக்குல கொட்டி, வாழை நாரை தண்ணில ஊறப்போட்டு கிழிச்சு வச்சுக்கிட்டு, மத்தியானம் பூரா வாசல்ல உக்காந்து கட்டி, வெயில் தாழ கூடையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருவாங்க. மொட்டா இருக்கறப்பவே வித்துறணும், விரிஞ்சு போச்சுன்னா எவளும் தொடமாட்டா. பங்குனி சித்திரைல பூ கொட்டும், வாங்க ஆளிருக்காது, மிச்சமெல்லாம் சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். மார்கழி தையில பனிக்கு பூவே வராது, கிலோ ஆயிரக்கணக்குல நிக்கும், அப்ப கால் கிலோ வாங்கறதுக்கே அம்மா யார்கிட்டயாவது கைமாத்து கேக்கணும். அம்மாவுக்கு கை குட்டை. "ஒன் முழம் சின்ன முழம்டி"னு வாங்க வர்றவங்க சண்டைக்கு வருவாங்க, அம்மா ஒண்ணும் பேசாம ரெண்டு விரக்கடை கூட விட்டு அறுத்துக் குடுப்பாங்க.

நானும் அக்காவும் கட்டுவோம். ரெண்டு மொட்டு இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு அந்தப் பக்கம் வச்சு காம்பை ஒட்டி நாரைச் சுத்தி இழுக்கணும், லூசா விட்டா கொட்டிரும், ரொம்ப இறுக்கினா காம்பு அந்து போயிரும். ஆம்பளப் பையன் பூக் கட்டறான்னு ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க, எனக்கு அதெல்லாம் பெரிசா தெரிஞ்சதில்ல. அந்தக் காசுலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன்.

ஆனா மேடம், இவ்ளோ பூ கட்டின எங்கம்மா தலையில ஒரு பூ இருந்து நான் பாத்ததில்ல. எங்கப்பா லாரி ஓட்டினவரு, நான் மூணாங்கிளாஸ் படிக்கறப்ப ஆக்சிடெண்ட்ல போயிட்டாரு. கருமாதிக்கு மொத நாள் ராத்திரி அம்மாவுக்கு தலை நிறைய மல்லியும் கனகாம்பரமும் வச்சு கை நிறைய வளையல் போட்டு உக்கார வச்சிருந்தாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, அம்மா அழகா இருக்காங்கனு போயி மடியில படுத்துக்கிட்டேன், அப்புறம் யாரோ என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. காலைல பாத்தா அம்மா வேற மாதிரி இருந்தாங்க. சரி அது பழைய கதை, எங்க பக்கம் எல்லா வீட்லயும் நடக்கறதுதான்.

அம்மா போன தையில சுகர், கிட்னினு படுத்து இறந்துட்டாங்க. அப்ப நான் அழல, எல்லா காரியமும் ஒழுங்கா பண்ணேன். சென்னை வந்து கொஞ்ச நாள்ல சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏர்றேன், முன்னாடி நின்ன யாரோ ஒரு அம்மா தலையில அப்பத்தான் விரிய ஆரம்பிச்ச மல்லி, ஒரு வாசம் வந்தது பாருங்க, மூச்சு அடைச்சுக்கிச்சு. கண்ணுல தண்ணி நிக்காம வருது, அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிட்டேன். அதுக்கப்புறம் அப்பப்ப இப்படி. லிஃப்ட்ல, கோயில் வாசல்ல, ஆபீஸ்ல ஆயுத பூஜைக்கு. சில நேரம் அழுகை வருது, சில நேரம் யாரையாவது அடிக்கணும் போல கோவம் வருது, யாரைனு தெரியல. இதுல வேடிக்கை என்னன்னா கேப் கார்ல ஜாஸ்மின்னு எழுதி ஒரு டப்பா தொங்குமே, அதை மோந்தா எனக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. தலைவலிதான் வருது.

இப்ப ட்ரெயின்ல பூ வச்சவங்க இருந்தா பொட்டி மாறிப் போயிடறேன். ரங்கநாதன் தெரு முனையில பூ விக்கறாங்கனு சுத்தி வேற வழியா போறேன். என் வொய்ஃப் மதுரைக்காரி, பூ இல்லாம வெளிய கிளம்ப மாட்டா. ஒரு கல்யாணத்துல நான் பாதியில எந்திரிச்சு வெளிய போயிட்டேன், அன்னைல இருந்து அவளும் வைக்கறதில்ல. நான் வைக்காதனு சொல்லல, அவளும் ஏன்னு கேக்கல. இப்ப பொண்ணுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா டான்ஸ், தலையில மல்லிகைப்பூ வச்சு அனுப்பவும்னு மிஸ் வாட்ஸப்ல போட்டிருக்காங்க. வொய்ஃப் அதை என்கிட்ட காட்டிட்டு சும்மா நிக்கறா.

அக்கா ஊர்ல இருந்து போன் பண்ணி திதிக்கு அம்மா படத்துக்கு மல்லி மாலைதான் போடணும், நெருக்கமா கட்டி ரெண்டு சரமா போடணும்ங்கறா. எனக்கு உடம்பெல்லாம் எரியுது மேடம். உசிரோட இருந்தப்ப ஒரு பூ வைக்க விடாத ஊரு. அவங்க கட்டின பூ கல்யாண வீட்டுக்குள்ள போகும், அவங்க போகக்கூடாது, வாசல்லயே குடுத்துட்டு காசு வாங்கிட்டு வந்துரணும். எதுக்கால வந்தா சகுனம் சரியில்லனு நின்னுட்டுப் போனவங்கல்லாம் இப்ப வந்து மாலை போட்ட படத்தைக் கும்பிட்டு சாப்பிட்டுப் போவாங்களாம். இது நாடகம் இல்லாம என்ன? வேணாம்னு கத்திட்டு போனை வச்சிட்டேன், அக்கா இன்னும் பேசல. சித்தப்பா பையன் என்னடான்னா, வருஷமே ஆகப்போகுது, மறந்துட்டு பொழப்பப் பாருடாங்கறான்.

இது மனநோயா மேடம்? மறந்தாத்தான் சரியாகுமா? திதிக்கு நான் என்ன பண்ணட்டும்?

— வத்தலக்குண்டுக்காரன்

ஆலோசகர் பதில்:

வணக்கம் தம்பி. வயசுல நான் மூத்தவங்கறதால தம்பினே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

மொதல்ல நோயாங்கற கேள்விய முடிச்சிடுவோம், ஏன்னா அந்த பயத்தோட படிச்சா மத்தது எதுவும் உள்ள போகாது. நீங்க வேலைக்குப் போறீங்க, பொண்ணோட ஸ்கூல் மெசேஜ் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கீங்க, கோர்வையா ஒரு லெட்டர் எழுதிருக்கீங்க. நீடிச்ச துக்கத்தை ஒரு நோயா உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11ங்கற நோய்ப் பட்டியல்ல சேத்திருக்கறது உண்மைதான், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2022-ல சேத்தாங்க, முன்னவங்க குறைஞ்சது 6 மாசம்னும் பின்னவங்க ஒரு வருஷம்னும் கணக்கு வச்சிருக்காங்க. ஆனா வெறும் காலண்டர் கணக்கு இல்ல அது. போனவங்க நினைப்பு நாள் பூரா பிடிச்சு ஆட்டணும், அதனால அன்றாட பொழப்பே படுத்துப் போயிருக்கணும், நம்ம ஊர் வழக்கத்துக்கும் மீறினதா இருக்கணும். பூ வாசம் வந்தா அழுகை வர்றது மட்டும் அந்தக் கணக்குல வராது. உங்களை நேர்ல பாக்காம எதையும் முத்திரை குத்த முடியாது, ஆனா நீங்க எழுதினத வச்சு எனக்குப் பெருசா பயம் வரல. வேற ஒண்ணு கவலையா இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

கேப்ல தொங்கற டப்பா ஏன் உங்களை ஒண்ணும் பண்ணலங்கறது நல்ல கேள்வி, அதுலயே பாதி பதில் இருக்கு. நிஜ மல்லி வாசம்ங்கறது பல பொருள் கலந்தது, லினலூல், பென்சைல் அசிடேட், அது போக இண்டோல்னு ஒண்ணு, அந்த இண்டோல் மட்டும் அதிகமா தனியா இருந்தா நாத்தம்தான், மல்லியில கொஞ்சூண்டு சேந்தாத்தான் அந்த கனமே வருது. டப்பாக்காரன் அதுல நாலஞ்ச மட்டும் கலந்து விக்கறான். அதோட உங்க மூளையில பதிஞ்சிருக்கறது வெறும் மல்லியும் இல்லையே, ஈரச் சாக்கு, ஊறின வாழை நார், அம்மா சேலை, பஸ் ஸ்டாண்ட் புழுதி எல்லாம் சேந்த ஒண்ணு. காதுல கேக்கறது, கண்ணுல பாக்கறது எல்லாம் மூளைக்குள்ள தலாமஸ்ங்கற ஒரு எடத்துல நின்னு பதிவு போட்டுட்டுத்தான் மேல போகும். வாசம் மட்டும் அங்க நிக்காம நேரா உணர்ச்சியப் பாக்கற அமிக்டலாவுக்கும், ஞாபகத்தைப் பாக்கற ஹிப்போகேம்பஸ் பக்கத்துக்கும் போயிடுது. அதனாலதான் மல்லினு மனசுல சொல்லிக்கறதுக்கு முன்னாடியே கண்ணுல தண்ணி வந்துடுது. நீங்க வீக்கான ஆளுங்கறதுனால வர்றதில்ல அது.

சாயங்கால ட்ரெயின்ல அதிகமா வர்றதுக்கும் காரணம் இருக்கு, உங்களுக்கே தெரியும், விடியக்காலைல பறிச்ச மொட்டு அந்தியிலதான் விரியும், வாசம் உச்சத்துல வர்ற நேரம் நீங்க வீட்டுக்குப் போற நேரம்.

இப்ப நான் உங்க லெட்டர்ல நின்னு போன எடத்துக்கு வர்றேன். கருமாதிக்கு மொத நாள் ராத்திரியப் பத்தி நாலு வரி எழுதிட்டு, சரி அது பழைய கதைனு தாண்டிப் போயிட்டீங்க. என்னால தாண்ட முடியல. ஒரு வாசத்தை மோந்தா ஜனங்களுக்கு எந்த வயசு ஞாபகம் வருதுனு ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க, ஒரு வார்த்தையையோ போட்டோவையோ காட்டினா பெரும்பாலும் வாலிப வயசு ஞாபகம் வருது, வாசத்தைக் காட்டினா பத்து வயசுக்குள்ள நடந்தது நிறைய வருது. மூணாங்கிளாஸ்னா உங்களுக்கு எட்டு வயசு. அந்த ராத்திரி அம்மா தலை நிறைய பூ, நீங்க மடியில, மூக்குக்கு மேல மல்லி. அழகா இருக்காங்கனு உங்களுக்கு சந்தோஷமா கூட இருந்திருக்கும். யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. விடிஞ்சா அந்த அம்மா இல்ல. அப்பா போனதுக்காவது ஊர் கூடி அழுதாங்க, அந்த ராத்திரிக்கும் காலைக்கும் நடுவுல என்ன நடந்ததுனு ஒரு எட்டு வயசுப் பையனுக்கு யாராவது சொன்னாங்களா? நீங்களும் யார்கிட்டயாவது கேட்டீங்களா? இத்தனை வருஷம் அம்மா இருந்தாங்க, தினமும் அதே பூவைக் கையில வச்சுக்கிட்டு பக்கத்துலயே இருந்தாங்க, அதனால அந்த கேள்வி அமுங்கிக் கெடந்திருக்கலாம். இப்ப அம்மா இல்ல, பூ வாசம் மட்டும் வருது. யாரைனு தெரியாம கோவம் வருதுனு எழுதினீங்களே, அந்தக் கோவம் அந்த ராத்திரில இருந்து வருதோனு எனக்குத் தோணுது. நான் லெட்டரை வச்சு யூகிக்கறேன், உங்களுக்குப் பொருந்துதானு நீங்கதான் சொல்லணும்.

கோவம் நியாயமானதுங்கறத நான் சொல்லித்தான் ஆகணும். ஆலோசனை சொல்றவங்க எல்லாரும் கோவத்தை விடு, மன்னிச்சிடுனு ஆரம்பிச்சிடுவாங்க, நான் அப்படி சொல்ல மாட்டேன். மகாராஷ்டிரால கோலாப்பூர் மாவட்டத்துல ஹேர்வாட்னு ஒரு கிராமம், 2022-ல அந்தப் பஞ்சாயத்துல புருஷன் செத்தா வளையல் உடைக்கறது, பொட்டு அழிக்கறதெல்லாம் இனிமே இங்க கூடாதுனு தீர்மானமே போட்டாங்க. அடுத்த வருஷம் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட், விதவைனு சொல்லி ஒரு அம்மாவைக் கோயில் திருவிழாவுக்கு வர விடாம தடுத்த கேஸ்ல, அப்படியெல்லாம் தடுக்க முடியாதுனு சொல்லுச்சு. 2023-ல கூட கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருக்கு பாருங்க. உங்கம்மா கட்டின பூ உள்ள போகும் அவங்க போகக்கூடாதுனு நீங்க எழுதினதப் படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் லெட்டரை மூடி வச்சிட்டேன்.

ஆனா ஒண்ணு தம்பி. அம்மாவை அந்த ஒரு 'ஐயோ பாவம்'ங்கறதுக்குள்ளயே அடைச்சிடாதீங்க. நீங்க எழுதின அம்மா யாரு? விடிய முன்னாடி மார்க்கெட்ல நின்னு விலை பேசினவங்க, எந்த நாள் முகூர்த்தம் எப்ப பூ ஏறும்னு கணக்குத் தெரிஞ்சவங்க, சின்ன முழம்னு சண்டைக்கு வந்தவளுக்கு ஒரு வார்த்தை பேசாம ரெண்டு விரக்கடை விட்டு அறுத்தவங்க (அது பெருந்தன்மையா இல்ல மறுநாளும் இவ நம்மகிட்டயே வரட்டும்ங்கற வியாபார புத்தியானு எனக்கு சந்தேகம்தான், ரெண்டும் இருந்திருக்கும்), பூ வித்த காசுல ஒரு இன்ஜினியரை உண்டாக்கினவங்க. பூவுக்கும் அவங்களுக்கும் உள்ள உறவு கொண்டைல இல்லாமப் போச்சு, விரல்ல இருந்தது. பூ வைக்க முடியலையேனு அவங்க மனசுக்குள்ள எவ்ளோ ஏங்கினாங்கனு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சிருக்க வாய்ப்புள்ள ஆள் ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்டதான் நீங்க கத்திட்டு போனை வச்சிட்டீங்க.

அக்கா உங்களைவிட மூத்தவங்க. அந்த ராத்திரி அவங்களுக்கு உங்களைவிட ஜாஸ்தி புரிஞ்சிருக்கும், ஜாஸ்தி ஞாபகம் இருக்கும். பொம்பளப் புள்ளைங்கறதால அம்மா தன் மனசுல இருந்தத உங்ககிட்ட சொல்லாதத அவங்ககிட்ட சொல்லிருக்கவும் கூடும். நெருக்கமா கட்டி ரெண்டு சரமா போடணும்னு அவங்க சொன்னதை நீங்க ஊருக்காகனு எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அப்படிப் படல. அம்மாகிட்ட இருந்து எடுத்ததைத் திருப்பி வைக்கணும்னு அவங்களுக்குத் தோணிருக்கலாம். உங்களுக்கு வலிக்கறதுனால வேணாம்ங்கறீங்க, அவங்களுக்கும் வலிக்கறதுனாலதான் வேணும்ங்கறாங்களோ என்னவோ. போன் பண்ணுங்க. மாலையப் பத்தி ஆரம்பிக்காதீங்க, அந்த ராத்திரி என்னைத் தூக்கிட்டுப் போனது யாரு, அதுக்கப்புறம் அம்மா என்ன பண்ணாங்கனு கேளுங்க. ரெண்டு பேரும் அழுவீங்க, அழுங்க.

கவலையா இருக்குனு சொன்னேன்ல, அது உங்க வொய்ஃப் விஷயம். கொஞ்சம் கடுமையா இருக்கும், பொறுத்துக்கங்க. அம்மா தலைல பூவை எடுத்தப்ப அவங்ககிட்ட யாரும் வாய விட்டுக் கேக்கல. இப்ப உங்க வீட்டுல ஒரு பொண்ணு, புருஷன் உசிரோட நல்லா இருக்கறப்பவே, ஒரு வார்த்தை பேச்சில்லாம பூவை நிறுத்திட்டாங்க. நீங்க நிறுத்தச் சொல்லல, ஒத்துக்கறேன், ஆனா ஏன் வைக்கறதில்லனு கேக்கவும் இல்ல. மதுரைக்காரிங்கறீங்க, அந்த ஊர் மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடே குடுத்தாங்க, பூ இல்லாம வெளிய கிளம்பாத வளர்ப்பு அவங்களோடது. உங்க மனசு நோகக் கூடாதுனு விட்டுருக்காங்க. ஆனா பூவே பிடிக்காமப் போச்சோ, என்னையே பிடிக்காமப் போச்சோனு அவங்க மனசுல என்ன ஓடுதோ. இந்த லெட்டரை எனக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டிருக்கலாம், பரவால்ல, இப்ப காட்டுங்க. பேசறது கஷ்டமா இருந்தா போனைக் கையில குடுத்து படிக்கச் சொல்லிட்டு பக்கத்துல உக்காந்துக்கங்க, அது போதும்.

இனி ட்ரெயின், லிஃப்ட், ரங்கநாதன் தெரு. வாசம் வந்த உடனே நீங்க இறங்கிடறீங்க, பொட்டி மாறிடறீங்க. உச்சத்துல இருக்கறப்பவே ஓடிப் போறதால மூளை என்ன கத்துக்குதுன்னா, அப்பாடா தப்பிச்சோம், இது நிஜமாவே ஆபத்துதான் போலனு கத்துக்குது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் மணியடிக்கும். அங்கயே நின்னீங்கன்னா ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, மூக்கு சீக்கிரம் பழகிடும், பூ மார்க்கெட்டுக்குள்ள நுழையறப்ப வர்ற வாசம் பத்து நிமிஷம் கழிச்சு தெரியாதே, அம்மாகூட போயிருந்தா ஞாபகம் இருக்கும். இன்னொண்ணு, அழுகை அலையா ஏறி தானா இறங்கும், இறங்கற வரைக்கும் நீங்க இருந்து பாத்ததே இல்ல. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், சென்னை ட்ரெயின்ல யாரும் யாரையும் பாக்கறதில்ல, எல்லாரும் போனைத்தான் பாத்துட்டு இருக்கான்.

ஆனா ட்ரெயின்ல ஆரம்பிக்காதீங்க, அங்க வாசம் சொல்லாம கொள்ளாம வருது. இப்போதைக்கு பூ உங்களுக்கு மூக்கு வழியா மட்டும்தான் வருது, அதுவும் அடுத்தவங்க தலையில இருந்து. நீங்க பூ கட்டத் தெரிஞ்ச ஆளு. நீங்களா ஒரு நாள் பாத்து, நீங்களா காசு குடுத்து, கொஞ்சம் உதிரி வாங்கிட்டு வாங்க, ஒரு கைப்பிடி போதும். சென்னையில பாதிப் பேர் நூல்லதான் கட்டறாங்க, நார் கெடைக்கலன்னா நூலே போதும். தரைல உக்காந்து கட்டுங்க. எப்ப எடுக்கறது எப்ப வைக்கறதுங்கறது உங்க கையில இருக்கும், தாங்கலன்னா எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு வந்து மறுபடி உக்காருங்க, அதுக்கு மேலயும் முடியலன்னா அன்னைக்கு விட்டுருங்க, ரெண்டு நாள் கழிச்சு பாருங்க. வொய்ஃப் பக்கத்துல இருந்தா நல்லது, பொண்ணும் வருவா, வந்தா உன் பாட்டி இப்படித்தான் இழுப்பாங்கனு சொல்லிக்குடுங்க, லூசா கட்டி எல்லாம் கொட்டிவிடுவா, விடுங்க. ஆண்டு விழாப் பூவ நீங்களே கட்டுங்கனு நான் சொல்லல, அது அந்தப் புள்ளைக்கான நாளு, கடையில வாங்கி அவங்கம்மா வச்சு விடட்டும். நீங்க பூவுக்குப் பயந்து கடைசி வரிசைல போயி உக்காராம முன்னாடி உக்காந்து டான்ஸ் பாருங்க.

சித்தப்பா பையன் சொன்னதுக்கும் பதில் சொல்லிடறேன், நல்ல பையன்தான், அவனுக்கு வேற என்ன சொல்றதுனு தெரியல. செத்தவங்க மேல வச்ச பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டாத்தான் துக்கம் முடியும்னு 1917-லயே மனோதத்துவ டாக்டர் ஃப்ராய்டு எழுதினாரு, ரொம்ப காலம் டாக்டருங்களும் அதையே சொல்லிட்டிருந்தாங்க. 1996-ல கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன்னு மூணு ஆராய்ச்சியாளருங்க, அப்படியெல்லாம் அறுக்க வேண்டாம், ஜனங்க போனவங்களோட வேற விதமா ஒரு உறவை வச்சுக்கிட்டே நல்லாத்தான் வாழறாங்கனு நிறைய பேர்கிட்ட பேசி சொன்னாங்க. அமாவாசைக்கு காக்காவுக்கு சோறு வச்சு அப்பா வந்துட்டாருங்கற நமக்கு இதைச் சொல்ல அமெரிக்காவுல இருந்து ஆள் வர வேண்டியதில்ல, ஆனா மறந்துடுனு சொல்றதும் நம்ம ஆளுங்கதான். நல்லா வேலை பாத்துட்டு இருக்கறப்ப திடீர்னு உடைஞ்சு போறீங்களே, அதுக்கும் பயப்படாதீங்க. 1999-ல ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு பேர் நெதர்லாந்துல இருந்து எழுதினது இதைத்தான், துக்கத்துல இருக்கறவங்க கொஞ்ச நேரம் இழப்புக்குள்ள போவாங்க, கொஞ்ச நேரம் அன்றாட வாழ்க்கைக்கு வருவாங்க, இப்படி மாறி மாறிப் போறதுதான் சரியான போக்கே. அம்மா செத்தப்ப காரியத்தையெல்லாம் ஒழுங்கா பண்ணிட்டு அழாம இருந்தீங்க, அந்தப் பாக்கிக் கடனத்தான் இப்ப அடைச்சிட்டிருக்கீங்க.

தூக்கம் போகுது, சாப்பாடு இறங்கல, வேலைக்குப் போக முடியல, இல்ல இருந்து என்ன பண்ணனு எண்ணம் வருதுன்னா லெட்டர் எழுதிட்டு காத்திருக்காதீங்க, 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கம் 2022-ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, தமிழ்ல பேசலாம், ராத்திரியிலயும் எடுப்பாங்க. அந்தக் கருமாதி ராத்திரியப் பத்தி மட்டும் ஒரு உளவியல் நிபுணர்கிட்ட நேர்ல உக்காந்து பேசினீங்கன்னா நல்லது, அவசரம் ஒண்ணும் இல்ல, திதி முடிஞ்சப்புறம் கூட போகலாம்.

கடைசியா மாலை. போடணுமா வேணாமானு நான் சொல்ல மாட்டேன், அது நீங்களும் அக்காவும் பேசி முடிவு பண்ண வேண்டியது. போடறதா முடிவாச்சுன்னா கடையில ஆர்டர் குடுக்காம நீங்க ரெண்டு பேரும் உக்காந்து கட்டுங்க, வர்றவங்க எவ்ளோ பேர் வேணா நாடகம் ஆடிட்டுப் போகட்டும், கட்டின நேரம் உங்க ரெண்டு பேரோடது. வேணாம்னு முடிவாச்சுன்னா கனகாம்பரமோ செவ்வந்தியோ வைங்க, இல்ல கொஞ்சம் உதிரிய மட்டும் அம்மாவோட கூடையில கொட்டி படத்துக்கு முன்னாடி வைங்க, கூடை இன்னும் இருந்தா. சபையில யார் முன்னாடி நிக்கணும்ங்கறதையும் அப்பவே அக்காகிட்ட பேசிடுங்க, உங்க பக்கம் புருஷன் இல்லாத பெரியம்மா அத்தை யாராவது இருந்தா மொதப் பூவை அவங்க கையால போடச் சொல்லலாம், ஊர்ல நாலு பேர் முணுமுணுப்பாங்க, முணுமுணுக்கட்டும். எதுவா இருந்தாலும் அக்காவுக்கு போனை சீக்கிரம் போடுங்க, தை முகூர்த்தத்துல கடைசி நேரத்துல போயி நின்னா மல்லி என்ன விலைக்கு நிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.